முப்பத்தொன்பதும் ஒரு செம்புக் கம்பியும்

அவள் கவலைப்படவே பிறந்தவள். பள்ளிக்கூடம் போகும் வழியில், குழாயை மூடினோமா என்று பார்க்க மூன்று முறை திரும்பி வந்தாளாம். நான்காம் முறை வந்தபோது கதவு தானாகவே தாழ் போட்டுக்கொண்டது என்று அவள் அம்மா இன்றைக்கும் சத்தியம் செய்வாள். அப்பேர்ப்பட்டவள் முனைவர் பட்டத்துக்குப் பிடித்துக்கொண்டதோ, இரண்டாயிரம் டிகிரியில் தகிக்கும் ஒரு கரிக்கட்டியை.

வேலை என்னவோ சொல்லச் சுலபம்தான். மிஞ்சுகிற மின்சாரத்தால் கரிக்கட்டியைப் பழுக்கக் காய்ச்சி வைக்க வேண்டும். தேவைப்படும்போது அது வீசும் ஒளியை சோலார் செல் போன்ற நகத்தளவு செல் ஒன்றில் பிடித்து, மறுபடியும் மின்சாரமாக்க வேண்டும். ஆய்வகத்தில் அந்த உலைக்குப் ‘பெரியப்பா’ என்று பெயர். சூடேற அரை நாள் ஆகும். ஏறிவிட்டால் இறங்க இரண்டு நாள். கண்ணாடிச் சன்னல் வழியே எட்டிப் பார்த்த ஈ ஒன்று அன்றிலிருந்து கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு திரிகிறது என்பார் ஆய்வக மெக்கானிக்.

செல்லுக்குள் போவதில் எத்தனை பங்கு மின்சாரமாகிறது என்பதுதான் ஐந்து வருடக் கேள்வி. மின்சாரமாகாத மீதி, வெப்பமாகச் செல்லின் அடியில் ஓடும் தண்ணீரில் இறங்கும். தண்ணீர் எவ்வளவு சூடாகிறது என்று பார்த்தால் கணக்கு முடிந்தது. முதல் நான்கு வருடம் முப்பத்து நாலு சதவீதத்தைத் தாண்டவில்லை. போன மாதம் அவள் செல்லிலிருந்து மின்சாரத்தை வெளியே கொண்டுவரும் மெல்லிய கம்பிகளைக் கழற்றிவிட்டு, விரல் தடிமனில் செம்புக் கம்பிகளை மாட்டச் சொன்னாள். எண் முப்பத்தொன்பதுக்குத் தாவியது. நெறியாளர் மேடம் அதைக் கருத்தரங்குக்கே எழுதி அனுப்பிவிட்டார். வெள்ளிக்கிழமை ஆய்வேட்டைச் சமர்ப்பிக்க வேண்டும்.

திங்கட்கிழமை காலை, எதற்கும் இருக்கட்டும் என்று திருகாணிகளை ஏழாவது முறையாகச் சரிபார்த்தாள். கம்பியில் விரல் பட்டது. வெதுவெதுப்பாக இருந்தது.

மின்சாரம் ஓடுவதால் வந்த சூடாக இருக்கும் என்று மனத்தைத் தேற்றிக்கொண்டு, கம்பியைக் கழற்றாமல் மின் இணைப்பை மட்டும் துண்டித்துவிட்டுக் கால் மணி நேரம் காத்திருந்தாள். பிறகு தொட்டுப் பார்த்தாள். சூடு அப்படியே இருந்தது. அப்போதுதான் உறைத்தது அவளுக்கு. தண்ணீரில் இறங்க வேண்டிய வெப்பம் கம்பி வழியாகக் கொல்லைப்புறமாய் நழுவிக்கொண்டிருக்கிறது. மீதி குறைந்ததாகத் தெரிந்ததால்தான் எண் உயர்ந்திருக்கிறது.

அந்த நேரம் பார்த்து அம்மா போன் செய்தாள்.

“வெள்ளிக்கிழமைன்னு உன் சித்திகிட்ட சொல்லிட்டேன்டி. அவகிட்ட சொன்னா ரேடியோல சொன்ன மாதிரி.”

அதற்கு மேல் கேட்க அவளுக்குத் தெம்பில்லை. மேடம் அறை வாசலில் மூன்று முறை நின்று, மூன்று முறையும் தண்ணீர் குடிக்கப் போனாள். நான்காம் முறை மேடமே கதவைத் திறந்து, தொட்டியே வற்றிடும், உள்ளே வா என்றார். அவள் சொல்லி முடிக்கும்வரை பேனாவின் மூடியைத் திருகிக்கொண்டே இருந்தார். பிறகு எழுந்து வந்து கம்பியைத் தானே தொட்டுப் பார்த்தார்.

“எவ்வளவு குறையும்?”

“தெரியல மேடம். பழையபடி முப்பத்து நாலுக்கே போயிடுமோன்னு பயமா இருக்கு.”

“பயத்தை எழுதி ஆய்வேட்டுல ஒட்ட முடியாது. அளந்துட்டு வா.”

பெரியப்பாவின் சூடு தணியப் புதன்கிழமை ஆயிற்று. அதுவரை அவள் ஒரு வாய் முழுதாகச் சாப்பிடவில்லை. பத்து விரலில் நகமும் மிஞ்சவில்லை. மெக்கானிக் கம்பிகளை வளைத்து, மின்சாரம் கசியாமலிருக்க நடுவே மைக்காத் தகடு வைத்து, செல்லின் அடியில் தண்ணீர் ஓடும் அதே தட்டோடு சேர்த்து முடுக்கினார். இனி எந்த வெப்பமும் எண்ணப்படாமல் போக முடியாது.

“டாக்டரம்மா, நீங்க இப்படி முறைச்சா தண்ணி பயத்துலயே சூடாயிடும். தள்ளி நில்லுங்க.”

உலையை மறுபடி சூடேற்றி அளந்ததில், வியாழன் மாலை நான்கு மணிக்கு எண் அசையாமல் நின்றது. முப்பத்தாறு. அவளுக்கு நம்பிக்கை வரவில்லை. இன்னும் இரண்டு முறை அளந்தாள். முப்பத்தாறு, மறுபடியும் முப்பத்தாறு. தடித்த கம்பியால் உண்மையிலேயே கிடைத்தது இரண்டு. மற்ற மூன்றும் காற்றில் போனவை.

வெள்ளிக்கிழமை காலை, ஆய்வேட்டில் முப்பத்தொன்பது இருந்த பதினோரு இடங்களையும் திருத்தி, தவறு எப்படி நேர்ந்தது என்று இரண்டு பக்கம் சேர்த்தாள். மேடம் தாம் சொன்னதைத் திரும்பப் பெறுவதாகக் கருத்தரங்குக்குக் கடிதம் எழுதினார். அன்று முழுக்க யாரிடமும் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஆனால் ஆய்வேட்டில் கையெழுத்துப் போடும்போது அந்த இரண்டு பக்கத்தையும் நிதானமாகப் படித்து, ஓரிடத்தில் ஒரு காற்புள்ளி மட்டும் வைத்தார்.

சமர்ப்பித்துவிட்டுப் பேருந்து நிறுத்தம்வரை போனவள் ஆய்வகத்துக்குத் திரும்பி வந்தாள். கை கழுவும் குழாய் மூடித்தான் இருந்தது.

“எனக்குத் தெரியும் வருவீங்கன்னு. அதான் பூட்டல,” என்றார் மெக்கானிக், சாவிக்கொத்தை ஆட்டியபடி.

அவள் கம்பியைத் தொட்டுப் பார்த்தாள். லேசாகச் சூடிருந்தது. பெரியப்பா அடங்க இன்னும் ஒரு நாள் ஆகும். நாளைக்கும் வந்து பார்க்க வேண்டும்.