அம்மா பதில் சொன்ன சங்கீதம்

அன்று அந்த அறையில் இருந்தவர்கள்: கட்டிலில் அப்பா, அவர் காலடியில் அம்மா, பைபிளோடு நான், வீட்டிலிருந்த ஒரே நாற்காலியில் சபை மூப்பர். மாமா இல்லை. மூப்பர் வருகிறார் என்று தெரிந்ததுமே அவருக்கு இடக்கொச்சியில் அவசர வேலை வந்துவிட்டது.

அப்பா மட்டாஞ்சேரியில் ஒரு மிளகுக் கிடங்கில் மூட்டை தூக்கினார். ஒரு ஞாயிற்றுக்கிழமை, அடுக்கியிருந்த மூட்டைகளின் மேலிருந்து விழுந்து தொடை எலும்பை உடைத்துக்கொண்டார். ஆபரேஷன் செய்து உள்ளே கம்பி வைக்க வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். எங்கள் சபைக்கோ, உடைந்த எலும்பைவிட அது உடைந்த கிழமைதான் பெரிய விஷயமாக இருந்தது.

"ஆராதனை நேரத்துல பிரதர் கூலிக்குப் போனாரு. கர்த்தர் அடிச்சிட்டாரு," என்றார் மூப்பர் நிதானமாக. "வர்ற ஞாயிறு சபையில எல்லார் முன்னாடியும் பாவத்த அறிக்கை பண்ணட்டும். தூக்கிட்டு வர ஆள் அனுப்புறேன். மத்ததெல்லாம் சபை பாத்துக்கும்."

விழுந்த நாளிலிருந்து அப்பா சுவரைப் பார்த்தே கிடந்தார். கடவுள் தன்னைத் தள்ளிவிட்டார் என்று அவரும் நம்பத் தொடங்கியிருந்தார். "சொல்லிடுறேன்யா," என்றார்.

"நீங்க ஒண்ணும் சொல்லாண்டாம்," என்றாள் அம்மா. பிறகு என் பக்கம் திரும்பினாள். "மோனே, அந்த இரக்கத்துச் சங்கீதத்த எடு."

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். படித்ததோ மலையாளத்தில். அதனால் வீட்டு ஜெபத்துக்கு ஒரு முறை இருந்தது: நான் மலையாளத்தில் ஒரு வரி வாசிப்பேன், அம்மா தமிழில் பதில் சொல்வாள். அந்தச் சங்கீதத்தில் எல்லா வரியும் அவருடைய இரக்கத்துக்கு முடிவில்லை என்றே முடியும். எழுத்தறியாத அம்மாவுக்கு அது வசதி.

"தமிழ்ச் சபைக்காரங்க வீட்டுல மலையாளமா?" என்றார் மூப்பர்.

"கர்த்தருக்கு ரெண்டும் தெரியும்யா. நீ படிடா."

வானத்தை உண்டாக்கினார் என்று படித்தேன். அம்மா பதில் சொன்னாள். கடலைப் பிளந்தார், பதில் சொன்னாள். மூப்பர் நடுவில் வாயெடுத்தபோதெல்லாம் அம்மா என் முதுகில் குத்தினாள், நான் அடுத்த வரிக்குத் தாவினேன். ராஜாக்களைக் கொன்ற வரிகளில் பெயர்கள் நாக்கில் சிக்கின. அங்கே மட்டும் அம்மா மூப்பரின் முகத்தைப் பார்த்தே இரக்கத்தைச் சொன்னாள்.

தாழ்ந்து கிடந்தவர்களை அவர் நினைத்தார் என்ற வரி வந்தது. அம்மாவின் பதிலோடு இன்னொரு குரலும் சேர்ந்தது. அப்பா சுவரிலிருந்து முகத்தைத் திருப்பியிருந்தார். கண்ணீர் காதுவரை இறங்கியது. துடைக்காமல் அடுத்த வரிக்கும் பதில் சொன்னார்.

எல்லா உயிருக்கும் உணவு கொடுக்கிறார் என்று படித்ததும் அம்மா என்னை நிறுத்தினாள்.

"கேட்டீங்களாய்யா? சோறு போடுறவருக்கு, சோத்துக்குப் போனவர் மேல என்ன கோவம்?"

மூப்பர் எழுந்தார். "இது அகங்காரம், சிஸ்டர்."

"இருக்கட்டும்யா. அதுக்கும் அவர்கிட்ட இரக்கம் இருக்கும்."

மூப்பரை விரட்டியது என் வாசிப்புதான் என்று கொஞ்ச நாள் நெஞ்சை நிமிர்த்தித் திரிந்தேன். ஆபரேஷன் நடக்கவில்லை. வெறும் மாவுக்கட்டிலேயே எலும்பு கோணலாகக் கூடியது. அப்பா இன்றும் சாய்ந்துதான் நடக்கிறார். எந்தச் சபையிலும் எதையும் அறிக்கை பண்ணவில்லை.

ஆபரேஷனுக்காகச் சபையார் திரட்டிய பணத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டுதான் மூப்பர் அன்று உட்கார்ந்திருந்தார் என்பதும், அது அம்மாவுக்கு முன்பே தெரியும் என்பதும் நான் கல்லூரிக்குப் போன பிறகு மாமா சொல்லித்தான் தெரிந்தது. பதினெட்டாயிரம் ரூபாய்.