நான் மூடிய மணி

பீர்மேட்டில் ஒரு தேயிலை ஃபேக்டரியில் நான் ஃபிட்டர். தீப்பிடித்தால் கூரைக் குழாய்கள் தாமாகவே தண்ணீர் பீய்ச்சும். அந்தத் தண்ணீரின் வேகத்திலேயே அபாய மணியும் அடிக்கும். ஆனால் குழாய்களுக்குத் தண்ணீர் ஏற்றும் பம்பைப் போட்டாலே மணி வீணாக அடித்தது. பெண்கள் வேலையை விட்டு வெளியே ஓடுவார்கள். மேனேஜர் என்னைத் திட்டுவார். எரிச்சலில், மணிக்குத் தண்ணீர் போகும் சின்ன வால்வை மூடிவிட்டேன்.

மூன்றாம் வாரம், கீழ்த்தளத்தில் தூள் சலித்துக்கொண்டிருந்த முத்துமாரி அக்காவின் கையில், மேல்தளப் பலகை இடுக்கிலிருந்து தண்ணீர் சொட்டியது. மலைக் குளிரிலும் அது சுட்டது.

“மாடியில தீ! ஓடுங்கடி!”

எல்லோரும் தப்பினோம். வாசலில் இருமிக்கொண்டே அக்கா கேட்டார்: “மணி ஏன் தம்பி அடிக்கல?”

“கரண்ட் போயிருச்சுக்கா.”

அவர் நம்பினார். அந்த மணிக்குக் கரண்டே வேண்டாம்.

அன்றே யாருக்கும் தெரியாமல் வால்வைத் திறந்துவிட்டேன். இப்போதும் மணி வீணாக அடிக்கிறது. அடிக்காத நாளில்தான் நான் போய் அந்த வால்வைத் தொட்டுப் பார்க்கிறேன்.