கீழே இறங்காத அணி

லாபிஸ் ரயில் நிலையத்துக்கு எதிரே உள்ள கடையில், ரொட்டி சானாய் கல்லிலேயே கருகுகிறது. கடைக்கார அக்காவின் கண் கைப்பேசியில் இருக்கிறது. மலேசியப் பெண்கள் ஐஸ் ஹாக்கி அணி ஆடுகிறது. கோல்காப்பாளர் அவருடைய மகள்.

"தோத்தா என்னக்கா ஆகும்?" ரொட்டிக்குக் காத்திருக்கும் நான் கேட்கிறேன்.

"கடைசி இடம் தம்பி. அடுத்த வருசம் கீழ்ப் பிரிவுக்கு இறக்கிருவாங்க."

மலேசியா ஒரு கோல் முன்னிலை. கடைசி நிமிடத்தில் எதிரணி அடித்த வட்டை மகள் விழுந்து காலால் தடுக்கிறாள். ஆட்டம் முடிகிறது. அக்கா கத்துகிற கத்தலில் பக்கத்து மேசைச் சீனப் பெரியவரும் எழுந்து கைதட்டுகிறார்.

"கோப்பை உண்டா?"

"அலமாக், அது மொத இடத்துக்கு! நாங்க இறங்கல லா, அது போதும்."

முகக்கவசத்தைக் கழற்றிவிட்டு அழுதபடி சிரிக்கும் பெண்ணைத் திரையில் தொட்டுக் காட்டுகிறார். "இதுதான் எங்க ஜோசி."