கொழுந்துச் சாக்கின் மேல் ஒரு லூடோ

பச்சைத் தேயிலையின் விலை விழுந்து, அடுத்த மாதம் ஏறும், அதற்கடுத்த மாதம் ஏறும் என்று நாங்கள் பார்த்துக்கொண்டிருந்த ஆண்டுகளில்தான் எங்கள் பக்கத்து ஆண்கள் எல்லார் கைக்கும் டச்போன் வந்து சேர்ந்தது. முதல் உறைபனி விழுந்த நாள், மஞ்சூர் பஸ் வராத நாள், இலை லாரி தாமதமான நாள் என்று எல்லாவற்றையும் தேதியோடு குறித்து வைக்கிற பழக்கம் எனக்கு உண்டு. ஆனால் லூடோ எங்கள் வீட்டுக்குள் வந்த நாளை என்னால் சொல்ல முடியவில்லை. அது வந்தது யாருக்குமே தெரியவில்லை.

மஞ்சூருக்குக் கீழே ஒரு சரிவில் எங்கள் சின்னத் தோட்டம். பறித்த கொழுந்தைச் சாக்குகளில் தளர்வாக நிரப்பி, மதியத்துக்கு மேல் சாலை வளைவில் இருக்கும் இலை செட்டுக்குக் கொண்டுபோவோம். நான்கு தூண், ஒரு தகரக் கூரை, ஒரு தராசு, அவ்வளவுதான் செட். ஃபேக்டரி லாரி வந்து எடை போட்டு ஏற்றிக்கொண்டு போகும். விலை நன்றாக இருந்தவரை லாரி சொன்ன நேரத்துக்கு வந்தது. பிறகு ஃபேக்டரியில் தேயிலைத் தூள் விற்காமல் தேங்கியது, இலையை வாங்குவதிலும் அவர்களுக்கு அவசரம் போய்விட்டது. லாரி இருட்டுகிற நேரத்துக்கு வர ஆரம்பித்தது. காத்திருந்த ஆண்கள் போனில் லூடோ ஆட ஆரம்பித்தார்கள்.

காசு வைத்து ஆடவில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். வெறும் ஆட்டம். எதிரே ஆடுகிறவர் எந்த ஊர், என்ன பாஷை என்றுகூடத் தெரியாது.

செட்டுக்குள் சிக்னல் கிடையாது. எதிர்மலை டவர் தெரிகிற வளைவின் விளிம்பில் மட்டும் கிடைக்கும். லாரி பின்னால் வந்து நிற்க வசதி என்று சாக்குகளை அடுக்குவதும் அதே விளிம்பில்தான். தரை எந்நேரமும் ஈரம். அதனால் ஆண்கள் சாக்கின் மேல் ஏறி உட்கார்ந்தார்கள்.

தேயிலையோடு பிழைக்கிறவர்கள் செய்யக் கூடாத காரியம் இது. பறித்த கொழுந்துக்குக் காற்றோட்டம் வேண்டும். அமுக்கி வைத்தால் சாக்கின் நடுவில் சூடேறி, ஓரம் சிவந்து, வெந்த கீரை மாதிரி ஆகிவிடும். எங்கள் வீட்டுக்காரருக்கு இது தெரியாதா? பறிக்க வருகிற பெண்களிடம், "கூடைல அமுக்காதீங்க, எல வெந்துரும்" என்று காலையில் சொல்கிறவர் அவர்தான். சாயங்காலம் அதே இலையின் மேல் உட்கார்ந்து பகடையைத் தட்டிக்கொண்டிருப்பார்.

ஐப்பசியில் ஒரு செவ்வாய்க்கிழமை, முந்தின நாள் ஏற்றிப்போன சாக்குகளில் சிலவற்றை லாரி திருப்பிக்கொண்டு வந்தது. நான் கையை விட்டுப் பார்த்தேன். நடுவில் இன்னும் வெதுவெதுப்பு இருந்தது. டிரைவர் இறங்கி வந்து சொன்னார்.

"ஏனுங்க, இன்னொருக்கா இப்படி ஆச்சுன்னா இந்த செட்டுக்கு லாரி வராதுங்களாம். மேனேஜரே சொல்லிட்டாரு. அப்புறம் கீழ ஓடைப் பாலத்து செட்டுக்குத்தான் நீங்க எறக்கோணும்."

எங்கள் சரிவிலிருந்து ஓடைப் பாலத்துக்கு வண்டிப் பாதை இல்லை. செங்குத்தான இறக்கத்தில் சாக்கைத் தலையில் வைத்துத்தான் இறங்க வேண்டும். எங்கள் வீட்டுக்காரரின் முழங்காலில் ஏற்கெனவே வீக்கம். ஆள் வைத்துச் சுமந்தால் இலைக்குக் கிடைப்பது கூலிக்கே போய்விடும். செட் போனால் தோட்டத்தில் பாதியை விட்டுவிட வேண்டியதுதான். இதை அன்றைக்கே அவரிடம் சொன்னேன்.

"நாங்க உக்காந்ததுனால மட்டும் வெந்துச்சா? லாரி நேரத்துக்கு வந்திருந்தா?" என்றார்.

"லாரி உங்க கையில இல்லைங்க. உக்கார்றது உங்க கையிலதான இருக்குது?"

"அது சரி" என்றார். போனிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

அணைக்கட்டு வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பக்கத்துத் தோட்டத்து அண்ணனும் அங்கேதான் இருந்தார். "அம்மணி, நீங்களும் ஒரு ஆட்டம் வாங்க. பச்சைக் காய எடுத்துக்கங்க, பச்சைக்கு இதுலயாவது நல்ல காலம் வரட்டும்" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது. அதுதான் இன்னும் எரிச்சல்.

அந்த லூடோவில் அப்படி என்னதான் இருக்கிறது என்று ஒரு நாள் அவர் குளிக்கப் போன நேரத்தில் திறந்து பார்த்தேன். அது என் பெயரைக் கேட்கவில்லை. விருந்தாளியாக ஆடலாம் என்றது. ஒரு எழுத்துகூடப் படிக்க வேண்டியதில்லை. பகடை மினுங்கி, தொடச் சொன்னது. தொட்டதும் எந்தக் காயை நகர்த்தலாமோ அந்தக் காய் மட்டும் துள்ளியது. தப்பாக ஆடவே விடாது. எத்தனையோ தடித்த நாவல்களுக்குள் நுழையத் திணறியிருக்கிறேன். யார் யாருக்கு மகன் என்று முன்பக்கத்து வம்சாவளியைத் திருப்பித் திருப்பிப் பார்த்திருக்கிறேன். இதற்குள் நுழைய ஒரு விரல் போதும்.

அதே போனில் ஃபேக்டரியின் செயலியும் இருந்தது. மறுநாள் எவ்வளவு இலை வரும் என்று முன்கூட்டிப் பதிந்தால்தான் எடுத்துக்கொள்வார்கள். பெயர், உறுப்பினர் எண், நில சர்வே எண், கடவுச்சொல், பிறகு ஒரு ஓடிபி. அந்த ஓடிபி வருவதற்குள் திரை மூடிக்கொள்ளும். மறுபடி பெயரிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். எங்கள் வளைவில் பாதிப் பேருக்கு நான்தான் பதிந்து கொடுத்தேன். வீட்டு வாசலில் விட்டு விட்டு வருகிற சிக்னலுக்காகப் போனை உயர்த்தி உயர்த்திக் கை வலிக்கும். இவர் ஒரு முறைகூட அதை முடித்ததில்லை. பகடையில் மட்டும் கை அப்படி ஓடும்.

"இதுல தட்டுனா ஆறோ ஒண்ணோ ஒடனே விழுந்துருது புள்ள. ஃபேக்டரிக்குப் போன் போட்டா எடுக்கறானா? வெல எப்ப ஏறும்னு கேட்டா ஒருத்தனாச்சும் பதில் சொல்றானா?" என்றார் ஒரு நாள். அவர் கேட்டது நியாயம்தான். ஆனால் அதற்காக இலையின் மேல் உட்காருவதா என்ற கோபம் மட்டும் குறையவில்லை.

கார்த்திகை பிறந்ததும் நானே ஒரு ஏற்பாடு செய்தேன். விளிம்பில் இரண்டு சிமென்ட் கற்களைப் போட்டு, மேலே பழைய கதவுப் பலகையை வைத்தேன். சாக்குகளைப் பின்னுக்கு நகர்த்தி, ஒன்றின்மேல் ஒன்று ஏறாமல் நிறுத்தி வைக்கச் சொன்னேன். ஆண்கள் முணுமுணுத்துக்கொண்டே பலகைக்கு மாறினார்கள். இரண்டு வாரத்துக்கு மேலாகத் தினமும் மதியத்துக்கு மேல் செட்டுக்குப் போய் நின்றேன். லாரி ஏற்றும்போது ஒவ்வொரு சாக்கிலும் கையை விட்டுப் பார்த்தேன். குளிர்ச்சியாக இருந்தது. ஒரு சாக்கின் மேலும் ஒருவரும் உட்காரவில்லை. இதை நான் எங்கே வேண்டுமானாலும் சொல்லுவேன்.

மூன்றாவது வாரத்தில் ஒரு புதன்கிழமை இலை திரும்பி வந்தது. சிவப்பு என்று சீட்டு.

நான் சாக்கைப் பிரித்துக் கீழே கொட்டினேன். ஓரங்கள் சிவந்துதான் இருந்தன. ஆனால் அது ஃபேக்டரி முற்றத்தில் ஒரு ராத்திரி முழுக்கக் கிடந்த இலை. எங்கே சிவந்தது என்று இலை சொல்லாது.

"நேத்து நல்லாத்தானுங்க கொடுத்தோம்? நீங்களே பாத்தீங்க" என்றேன் டிரைவரிடம்.

"பாத்தனுங்க அக்கா. அங்க எறக்கவே ஆளில்ல. இவ்வளவு எல வேண்டாம்ங்கறாங்க, அதை நேரா சொல்லமாட்டீங்கறாங்க." லாரியில் ஏறப் போனவர் திரும்பிச் சொன்னார். "நாளையிலிருந்து பாலத்து செட்டுக்கு வந்துருங்க. அங்க டவரும் கெடைக்காது, நம்மாளுக ஒழுங்கா இருப்பாங்க."

பக்கத்துத் தோட்டத்து அண்ணன் பலகையில் உட்கார்ந்தபடி, "அப்ப இந்த ஆட்டத்த முடிச்சுக்கறோம்" என்றார். அன்றைக்கு யாரும் சிரிக்கவில்லை. எங்கள் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். நான் அவரைத் திட்டலாம் என்று வாயைத் திறந்தேன். எதைச் சொல்லித் திட்டுவது? ஐப்பசியில் அவர் உட்கார்ந்தது உண்மை. கார்த்திகையில் உட்காராததும் உண்மை. முதல் தடவை திருப்பி அனுப்ப ஃபேக்டரிக்காரர்களுக்கு நாங்களே வழி காட்டிக் கொடுத்தோம், இரண்டாவது தடவைக்கு அது தேவைப்படவில்லை என்று நினைக்கிறேன். நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை.

மார்கழி முழுக்க அவர் முழங்காலில் துணி கட்டிக்கொண்டு ஓடைப் பாலத்துக்கு இறங்கினார். சுமக்க முடிந்த அளவுக்கு மட்டும் பறித்தோம். வீட்டை ஒட்டிய மேல் சரிவை மட்டும் கிளைகளை வெட்டிக் கவ்வாத்துப் பண்ணிக் காப்பாற்றி வைத்தோம். பள்ளத்துப் பக்கத்தை விட்டுவிட்டோம். பறிக்காத தேயிலை இடுப்போடு நிற்காது. இப்போது அங்கே செடிகள் ஆள் உயரத்துக்கு மேலே வளர்ந்து, வெள்ளைப் பூ பூத்து, காய்த்து நிற்கின்றன. வெட்டுவதற்குக் கேட்ட கூலியை எங்களால் கொடுக்க முடியவில்லை.