கேத்தலிடம் பேசியவள்

அம்மாவுக்கு எலிக்காய்ச்சல் என்று கேகாலை ஆஸ்பத்திரியில் சொன்னபோது நான் பல்கலைக்கழக விடுதியில் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தேன். புளத்கொகுபிட்டியவுக்கு மேலே உள்ள ஒரு தோட்டத்தில் அம்மா ரப்பர் பால் வெட்டினாள். மழைக்காலத்தில் மரங்களுக்கு இடையில் தண்ணீர் தேங்கி நிற்கும். காலில் ஏதோ ஒரு சின்னக் காயம் இருந்திருக்கிறது. காய்ச்சல் வந்ததும் பனடோல் போட்டுக்கொண்டு வேலைக்குப் போயிருக்கிறாள். அப்பா தொலைபேசியில், "சும்மா காச்சல்தான். பரீட்சைய எழுதிட்டு வா" என்றார். எழுதிவிட்டுப் போனேன். அம்மாவுக்கு நினைவு இல்லை. மறுநாள் காலையில் போய்விட்டாள்.

சாவு வீட்டில் நான் அழவில்லை. எங்கள் லயத்தின் வரிசை வீடுகளிலிருந்து வந்த பெண்கள் என் தோளைப் பிடித்து உலுக்கி, "அழுதுரு புள்ள, அடக்கி வைக்காத" என்றார்கள். அடக்கி வைக்க என்னிடம் எதுவும் இல்லை என்று அவர்களுக்கு எப்படிச் சொல்வது? பல் பிடுங்க ஊசி போட்ட பிறகு உதடு இருக்கும், ஆனால் இருப்பது தெரியாது. எனக்கு உடம்பு முழுவதும் அப்படி இருந்தது. வந்தவர்களுக்குத் தேத்தண்ணி கொடுத்தேன். பாத்திரம் கழுவினேன். காரியம் முடிந்ததும் அப்பா என்னை பஸ் ஏற்றிவிட்டார். இரத்தினபுரியில் இறங்கி அடுத்த பஸ் பிடித்து விடுதிக்குப் போய், துணிகளை மடித்து அலுமாரியில் வைத்துவிட்டு, மறுநாள் விரிவுரைக்குப் போனேன்.

அந்த வருடம் தமிழ் மாணவர்களின் கலைவிழாவுக்கு ஒரு சிரிப்பு நாடகம் போடுவதாக இருந்தது. எங்களுக்கு நாடகம் படிப்பித்த தற்காலிக விரிவுரையாளர் ஒருவர், யாழ்ப்பாணத்துக்காரி, அதை எழுதியிருந்தார். நாங்கள் அவரை மிஸ் என்போம். கதை ஒரு தோட்டத்து லயத்தில் நடக்கிறது. லயத்துக்குப் புதிதாகத் தண்ணீர்க் குழாய் போட்டிருக்கிறார்கள். அதைத் திறந்து வைக்க ஒரு பெரிய மனிதர் வருகிறார். ஆனால் குழாயில் தண்ணீர் இல்லை. மானம் போகக்கூடாது என்று ஒரு புருஷன் வாளியோடு சுவருக்குப் பின்னால் ஒளிந்திருந்து குழாய்க்குள் தண்ணீர் ஊற்ற வேண்டும். அவனை அதட்டி வேலை வாங்குகிற மனைவிதான் முக்கியப் பாத்திரம்.

மிஸ் என்னைக் கூப்பிட்டது நடிக்க அல்ல. எழுத்துப் பிரதியை என்னிடம் நீட்டி, "இந்தப் பொம்பிளை கதைக்கிறது எனக்கே சரியாப் படேல்லை. உங்கட பக்கத்து ஆக்கள் எப்பிடிக் கதைப்பினம்? நீர் ஒருக்கா மாத்தித் தாரும்" என்றார்.

அவர் எழுதியிருந்த மனைவி தமிழ்ப் படத்தில் வரும் கிராமத்துப் பெண் மாதிரிப் பேசினாள். எங்கள் லயத்தில் யாரும் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை. நூலகத்தில் உட்கார்ந்து அவளுடைய வசனங்களை அடித்துவிட்டு மேலே வேறு எழுதினேன். எழுத நேரம் எடுக்கவில்லை. யோசிக்கவும் இல்லை.

என் அம்மா அப்பாவோடு நேருக்கு நேர் சண்டை போட்டதே கிடையாது. அப்பாவிடம் சொல்ல வேண்டியதை அடுப்பில் தண்ணீர் கொதிக்கும் கேத்தலிடம் சொல்வாள். வாசலில் அப்பா உட்கார்ந்திருப்பார். அம்மா குனிந்து, கேத்தலுக்கு மிக அருகில் முகத்தைக் கொண்டுபோய், பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் வம்பு பேசுவது மாதிரி ஆரம்பிப்பாள். அதைத்தான் நான் எழுதியிருந்தேன்.

மறுநாள் மிஸ் அதை வாசித்துவிட்டு என்னையே வாசித்துக் காட்டச் சொன்னார். ஒத்திகை அறையில் நாலைந்து பேர் இருந்தார்கள். நான் நின்றுகொண்டு வாசித்தேன்.

"ஏய் கேத்தலு, கேட்டியா சேதிய? தொர எந்திரிச்சிட்டாராம். இனிமே ஒலகத்துக்கு ஒரு கவலயும் இல்ல. கொதி, சீக்கிரம் கொதி. அவரு காத்துக்கிட்டு இருக்காரு. காத்துக்கிட்டு இருக்கிறதுலதான் அவருக்குக் கைராசி. சொல்லு, நான் சொல்றது பொய்யா? சொல்லு."

புருஷனாக நடிக்க இருந்தவன் கேகாலையில் துணிக்கடை வைத்திருக்கும் ஒரு முஸ்லிம் குடும்பத்துப் பையன். அவன் கதிரையிலிருந்து வழுக்கிக் கீழே உட்கார்ந்துவிட்டான். "மிஸ், இவங்களையே போடுங்க. ஆனா நான் பக்கத்துல நின்டு சிரிக்காம இருக்கேலா" என்றான்.

மிஸ் சிரிக்கவில்லை. என்னைக் கூர்ந்து பார்த்தார். "முகத்தில ஒரு உணர்ச்சியும் இல்லாமச் சொல்லுறீர். அதாலதான் சிரிப்பு வருது. இது எங்க பழகினனீர்?"

"பழகல்ல மிஸ்."

"அப்ப மாத்தாதையும். இப்பிடியே வைச்சிரும்."

அப்படித்தான் நான் நடிகையானேன். ஒத்திகை ஒவ்வொரு பின்னேரமும் நடந்தது. மற்றவர்கள் சிரிப்பை அடக்கப் பழக வேண்டியிருந்தது. எனக்கு அந்தச் சிரமம் இல்லை. என் வாயிலிருந்து அம்மாவின் குரல் வந்தது. அதை நான் கேட்டேன், வானொலியில் யாரோ பேசுவதைக் கேட்கிற மாதிரி. அறைக்குத் திரும்பினால் என் அறைத்தோழி, எஹலியகொடைப் பக்கத்துச் சிங்களப் பெண், "நங்கி, சாப்பிட்டீங்களா?" என்று, தங்கச்சி என்பதை மட்டும் சிங்களத்தில் விட்டு, தனக்குத் தெரிந்த தமிழில் கேட்பாள். சாப்பிட்டேனா இல்லையா என்பது எனக்கே பல நாள் நினைவிருக்காது. என் மேசையிலிருந்த பிஸ்கட்டை எண்ணிப் பார்ப்பவள் போல ஒரு பார்வை பார்த்துவிட்டு, தன் சோற்றுப் பொதியில் பாதியைத் தட்டில் போட்டுத் தருவாள்.

அம்மாவின் விஷயம் மிஸ்ஸுக்குத் தெரியாது. புருஷனாக நடித்தவனுக்கு ஒரு நாள் சொன்னேன். அது தற்செயல். நல்ல சேலை ஒன்று நாடகத்துக்கு வேண்டும், உங்கள் அம்மாவுடையது ஏதும் இருக்காதா என்று கேட்டான். "அம்மா செத்துட்டாங்க" என்றேன். எப்போது என்று கேட்டான். சொன்னேன். அவன் கையிலிருந்த வாளியைக் கீழே வைத்தான். "அப்ப இந்தக் கேத்தல்?" என்றான்.

"அவங்க பேசுறதுதான்."

அன்று ஒத்திகையில் அவன் சிரிக்கவில்லை. வசனத்தை மறந்து மறந்து நின்றான். மிஸ் அவனைத் திட்டினார். இரண்டு மூன்று நாளில் சரியாகிவிட்டான். மறுபடி சிரிக்கத் தொடங்கினான். அதில் எனக்கு வருத்தம் எதுவும் இல்லை. அவனுடைய அக்காவின் சேலை ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தான். பச்சை நிறம், ஓரத்தில் மஞ்சள்.

கலைவிழாவுக்கு அப்பாவை நான் கூப்பிடவில்லை. நாடகம் இருக்கிறது, அதனால் அந்த வாரம் வர முடியாது என்று மட்டும்தான் சொன்னேன். அவரே தேதியைக் கேட்டு, விடியுமுன்பே புறப்பட்டு, அவிசாவளையிலும் இரத்தினபுரியிலும் பஸ் மாறி வந்துவிட்டார். மழைக்காலம் என்பதால் விழாவைப் பிற்பகலில் வைத்திருந்தார்கள். மண்டபத்துப் பக்கக் கதவுகள் திறந்திருந்தன. மேடையில் நின்றால் முன்பாதி ஆட்களின் முகம் நன்றாகத் தெரியும். சாவு வீட்டுக்குப் போட்ட அதே வெள்ளைச் சட்டையோடு அப்பா நடு வரிசையில் ஓரமாக உட்கார்ந்திருந்தார். சுற்றிலும் மாணவர்கள். தமிழ் தெரியாத சிங்கள மாணவர்களும் நிறையப் பேர் வந்திருந்தார்கள்.

அவரைப் பார்த்ததும் எனக்குப் பயம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. அப்பா வந்திருக்கிறார், பஸ்ஸில் சாப்பிட்டிருக்க மாட்டார் என்று நினைத்தேன். பிறகு அடுப்புக்கு முன்னால் குனிந்தேன்.

கேத்தலிடம் முதல் வார்த்தை பேசியதுமே மண்டபம் சிரித்தது. கூரையில் மழையும் பிடித்துக்கொண்டது. நான் குரலை உயர்த்த வேண்டியிருந்தது. குரலை உயர்த்தியபோது அது இன்னும் அம்மாவுடையதாகிவிட்டது. பால் வெட்டும் மலையில் ஒரு மரத்திலிருந்து அடுத்த மரத்துக்குக் கத்திப் பேசிய குரல். அப்போது அப்பா எழுந்து நின்றார். எங்கோ போகப் புறப்பட்டவர் போல முன் கதிரையைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் வசனத்தை நிறுத்தவில்லை. சற்று நேரத்தில் உட்கார்ந்தார். அடுத்து நான் பார்த்தபோது வாயைக் கையால் பொத்திக்கொண்டிருந்தார். தோள் குலுங்கியது. சிரிக்கிறாரா அழுகிறாரா என்று அங்கிருந்து தெரியவில்லை.

மேடையில் என் புருஷனும் தாங்க முடியாமல் சுவர்ப்பக்கம் திரும்பி நின்றுகொண்டான். அவன் தோளும் குலுங்கியது. பெண்டாட்டி திட்டியதால் அழுகிறான் என்று நினைத்துச் சனம் இன்னும் சிரித்தது. கடைசியில் பெரிய மனிதர் குழாயைத் திருகுகிறார், தண்ணீர் வரவில்லை, சுவருக்குப் பின்னால் புருஷன் தூங்கிவிட்டான். நான் கேத்தலைக் கொண்டுபோய் அவர் கையில் கொடுத்து, "இந்த நாட்டுல தண்ணி இருக்கிற ஒரே குழா இதுதாங்க. இதத் தெறந்து வச்சிட்டுப் போங்க" என்றேன். திரை விழுந்தது. கைதட்டல் நிற்கவே இல்லை. அறைத்தோழி மேடைக்குப் பின்னால் ஓடி வந்து, "ஹரி ஷோக் நங்கி, ஹரி ஷோக்!" என்று சிங்களத்தில் புகழ்ந்து கட்டிக்கொண்டாள். மிஸ் என் கன்னத்தைத் தட்டினார். நான் சேலையை மடித்து, உரியவனிடம் கொடுத்துவிட்டு வெளியே போனேன்.

அப்பா மண்டப வாசலில் குடையோடு நின்றார். இரவு இரத்தினபுரியில் ஒரு உறவினர் வீட்டில் தங்குவதாகச் சொன்னார். இருட்டுவதற்குள் பஸ் பிடிக்க வேண்டும். சந்தி வரை நடந்தோம். அங்கிருந்த கடையில் மீன் வைத்த மாலுபாணும் தேத்தண்ணியும் வாங்கிக் கொடுத்தேன். பாதி சாப்பிட்ட பிறகுதான் பேசினார்.

"நான் எந்திரிச்சிட்டேன். பின்னால இருந்த பயலுக 'வாடிவென்ன மாமே', ஒக்காருங்க மாமான்னானுங்க. அதுக்கு அப்புறந்தான் ஒக்காந்தேன்."

"பாத்தேன்ப்பா."

"ஒங்கம்மா என்னையத்தான் கூப்புடுறான்னு நெனச்சிட்டேன்."

அவர் கோப்பையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"அந்தக் கேத்தல் பேச்ச இன்னொரு தரம் சொல்றியா?"

"இங்கயாப்பா?"

"மெதுவாச் சொல்லு. யாரு கேக்கப் போறா."

சொன்னேன். கடைக்காரர் பரோட்டா கொத்திக்கொண்டிருந்தார், அந்தச் சத்தத்துக்குள் சொன்னேன். அப்பா தலையைக் குனிந்து கேட்டார். முடித்ததும், "கடைசியில 'சொல்லு'ன்னு ஒரு இழுப்பு இழுப்பா. நீ வெட்டிப்புட்ட" என்றார்.

இழுத்துச் சொன்னேன்.

"ம். அதுதான்."

பஸ் வந்தது. ஏறும்போது என் தலையில் கை வைத்தார். ஜன்னலோரம் உட்கார்ந்து முன்னால் பார்த்துக்கொண்டே போனார். நான் விடுதிக்குத் திரும்பி நடந்தேன். அழுகை வரும் என்று நடந்துகொண்டே காத்திருந்தேன். சப்பாத்துக்குள் தண்ணீர் போயிருந்தது, அதுதான் தெரிந்தது.

விடுமுறைக்கு வீட்டுக்குப் போனபோது லயம் முழுவதற்கும் விஷயம் தெரிந்திருந்தது. அப்பா எல்லோரிடமும் சொல்லியிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை பகல், சாப்பாட்டுக்கு முன்னால், பெண்கள் எங்கள் வாசலுக்கு வந்துவிட்டார்கள். அம்மாவோடு ஒரே மலையில் பால் வெட்டிய நாலைந்து பேர். அவளுடைய மரங்களில் இப்போது பால் வெட்டுகிற பெண்ணும் இருந்தாள். தயங்கித் தயங்கி ஓரமாக நின்றாள்.

"நடிச்சியாமே. எங்களுக்கும் காட்டு" என்றார் பக்கத்து வீட்டு அத்தை. அம்மாவும் அவரும் ஒரே வருடத்தில் கல்யாணமாகி இந்த லயத்துக்கு வந்தவர்கள்.

அப்பா, "அது களைச்சிப் போயி வந்திருக்கு, விடுங்க" என்றார். ஆனால் அவரும் கேட்க ஆசைப்படுகிறார் என்று தெரிந்தது. நான் உள்ளே போய் அடுப்படியில் குனிந்தேன். கதவு திறந்திருந்தது, அவர்கள் வாசலில் நின்றபடி பார்த்தார்கள்.

முதலில் சிரித்தார்கள். ஒருத்தி மற்றவள் முதுகில் அடித்துச் சிரித்தாள். "அப்படியே அவதான்" என்று யாரோ சொன்னார்கள். நான் நிறுத்தவில்லை. நாடகத்தில் இல்லாததையும் சேர்த்துச் சொன்னேன். தோட்டத்தில் வேலை வாங்குகிற கண்டக்டர் ஐயாவைப் பற்றி அம்மா கேத்தலிடம் சொன்னது, சீட்டு விளையாடப் போன அப்பாவைப் பற்றிச் சொன்னது. எல்லாம் வந்துகொண்டே இருந்தன. எப்போது சிரிப்பு நின்றது என்று நான் கவனிக்கவில்லை. நிமிர்ந்து பார்த்தபோது அத்தை வாசலில் இல்லை. அவர் வீட்டுக் கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. மற்றவர்கள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். அம்மாவின் மரங்களில் பால் வெட்டுகிற பெண்தான் சத்தமாகவே அழுதாள். அவளுக்கு அம்மாவை அவ்வளவாகப் பழக்கமும் இல்லை.

"மழ வரப்போகுது, துணி கெடக்கு" என்று ஒருத்தி சொன்னாள். ஒவ்வொருவராகப் போனார்கள். போகும்போது என் கையைப் பிடித்து அழுத்திவிட்டுப் போனார்கள். அவர்கள் கை சூடாக இருந்தது.

அப்பா தட்டைக் கழுவிக்கொண்டு வந்தார். "சாப்பிடுறியா?"

"ம்."

சோறும் பருப்பும் நெத்திலிக் கருவாடும் அவரே சமைத்திருந்தார். பருப்பில் உப்பு கூட. அவர் அதைச் சொல்லி மன்னிப்புக் கேட்டார். பரவாயில்லை என்று சொல்லி இரண்டாம் தரமும் போட்டுக்கொண்டேன். நீண்ட நாளைக்குப் பிறகு அன்றைக்குத்தான் எனக்குப் பசித்திருந்தது.