அனுசுயாவுக்கு வந்த சாமி

அனுசுயாவுக்கு நாற்பத்தொன்பது வயது. முப்பது வருடமாக மாதத்தில் மூன்று நாள் அவளைத் தட்டும் பாயுமாகப் பின்கட்டில் ஒதுக்கி வைத்த குடும்பம், அந்த மூன்று நாள் வருவது நின்றதும் அவள் காலில் விழுந்தது.

திருத்தணி மலை மேல் ஒரு கிருத்திகையன்று, கூட்டத்துக்கு நடுவே, அவள் நெஞ்சிலிருந்து அனல் கிளம்பி முகத்துக்கு ஏறியது. வேர்த்துக் கொட்டியது. கொண்டையை அவிழ்த்துவிட்டுத் தூணில் சாய்ந்தாள். நாத்தனார் ஜெயம்மா உடனே கையெடுத்துக் கும்பிட்டாள்.

"தீட்டு நின்ன உடம்பு. அதான் முருகன் எறங்கிட்டான்."

அன்றிலிருந்து மலையடிவாரத்தில் இருந்த அவர்கள் வீட்டில் கிருத்திகைதோறும் குறி கேட்கக் கூட்டம். அவளுக்கு எப்போது வேர்த்தாலும் முகத்துக்கு நேரே கற்பூரம். ஏற்கெனவே வெந்துகொண்டிருப்பவளுக்கு மேலும் நெருப்பு! அவள் நெற்றியைத் துடைத்துவிட ஒரு கை இருந்ததா அந்த வீட்டில்? கும்பிடத்தான் இருபது கைகள் இருந்தன.

"தண்ணி..." என்று முனகுவாள்.

கணவர் சிவப்பிரகாசம் எதிரே குறி கேட்டு உட்கார்ந்திருக்கும் விவசாயியிடம் திரும்புவார். "போர் போடுப்பா. தண்ணி வருதாம்."

நாலு மாதம் தூக்கமில்லாமல் கிடந்தவள், ஒருநாள் யாரிடமும் சொல்லாமல் ரயிலேறி அரக்கோணத்துக்குப் போனாள். அங்கே ஒரு பெண் மருத்துவர் பொறுமையாக விசாரித்து, ஸ்கேன் பார்த்து, "மாதவிடாய் நிக்கற சமயத்துல வர்ற சூடும்மா இது. உங்களுக்கு ஹார்மோன் மாத்திரை ஒத்துக்கும்" என்றார். அனுசுயா அந்த நாற்காலியிலேயே அழுதாள்.

சிவப்பிரகாசம் அந்த மாத்திரைகளைப் பிடுங்கி பீரோவில் பூட்டினார்.

"இத்தப் போட்டா சாமி பூடும்டி. ஊரே நம்பிகினு கீது."

"நான் தூங்கியே நாலு மாசம் ஆவுதுங்க."

"சாமிக்கு இன்னாத்துக்குத் தூக்கம்?"

கட்டிய மனைவியிடம் கேட்டார், அந்தப் புத்திசாலி.

ஆடிக்கிருத்திகை வந்தது. மலைக்குக் கிளம்பிய காவடிக்காரர்கள் கூடம் நிறைய உட்கார்ந்திருந்தார்கள். அனுசுயாவுக்கு அனல் ஏறியது. கற்பூரம் வந்தது.

"உத்தரவு குடு சாமி" என்று குனிந்தார் சிவப்பிரகாசம்.

முப்பது வருடத்தில் கணவர் பெயரை ஒருமுறைகூடச் சொல்லாதவள் கண்ணைத் திறந்தாள்.

"டேய் சிவப்பிரகாசம். மொதல்ல அந்தக் கற்பூரத்த அணைடா. பீரோல பூட்டி வெச்சிகீறியே மாத்திர, அத்தக் கொண்டா."

ஜெயம்மா மெல்லக் கேட்டாள். "சாமி மாத்திரையா சாப்புடும்?"

"ஆங். தெனமும் சாப்புடும். நீ போய் ஃபேனப் போடு."

ஊர் பார்த்துக்கொண்டிருந்தது. என்ன செய்வார் பெரிய மனிதர்? தட்டில் திருநீற்றோடு மாத்திரையை வைத்துக்கொண்டு வந்து நீட்டினார். அனுசுயா அதை வாங்கி, எல்லார் முன்னாலும் விழுங்கினாள். சாவியையும் கேட்டு இடுப்பில் செருகிக்கொண்டாள்.

சில வாரங்களில் அனல் அடங்கியது. அடுத்தடுத்த கிருத்திகைகளில் ஜனங்கள் காத்திருந்து பார்த்துவிட்டு வேறு சாமி தேடிப் போனார்கள். யாரோ தீட்டாக வந்து கெடுத்துவிட்டார்கள் என்று சிவப்பிரகாசம் தெருவெல்லாம் சொல்லித் திரிந்தார்.

ஒருநாள் காலை ஏழு மணிக்கு, "காபி எங்கடி?" என்று குரல் கொடுத்தார்.

அனுசுயா தூங்கிக்கொண்டிருந்தாள்.