நாங்கள் கன்னியாவுக்குப் போகாத வருடம்

முதல் வாளி தலையில் விழுந்ததும் மூச்சு நின்றுவிடும். கன்னியா வெந்நீர்க் கிணறுகள் ஏழில் சூடு கூடியது எதுவோ அதனடிக்கே அப்பா என்னைக் கூட்டிக்கொண்டு போவார். திருகோணமலைத் துறைமுகத்தடி வீட்டிலிருந்து ஞாயிறு காலையில் சைக்கிள் பாரில் என்னை ஏற்றி, வியர்க்க விறுவிறுக்க மிதித்துப்போய், அந்த வியர்வையின் மேலேயே வெந்நீரை ஊற்றிக் கண்ணை மூடிக்கொள்கிற மனிதரை நான் வேறெங்கும் கண்டதில்லை. "பெப்புவில இதைவிடச் சூடு, பிள்ளை. றோட்டோரக் கழிவுத்தண்ணிக் கானுக்குள்ளாலையும் ஆவி வரும்" என்பார்.

பெப்பு யப்பானில் ஒரு துறைமுகப் பட்டினம். கல்யாணத்துக்கு முன்னர் கப்பல் இயந்திர வேலை பழக அனுப்பப்பட்டு அப்பா அங்கே இரண்டு வருடம் இருந்தவர். கொண்டுவந்த சொத்து இந்த வெந்நீர்ப் பைத்தியம் மட்டும்தான். ஆனால் எங்கள் ஆட்களுக்குக் கன்னியா என்றால் செத்தவர்களுக்கு முப்பத்தோராம் நாள் "அந்தியேட்டி" செய்கிற இடம். அப்பா ஈரத்தலையோடு திரும்பினால் வழியில் காண்கிறவர்கள் சைக்கிளை மறித்து, "ஆர் மோசம் போனது?" என்று துக்கம் விசாரிப்பார்கள். அம்மாவுக்கு மானம் போகும். அம்மாவின் தமையன், என் மாமா, "உயிரோட இருக்கிறவனுக்கு அங்க என்ன வேலை?" என்று முகத்துக்கு நேரேயே கேட்பார்.

எனக்குப் பத்து வயதானபோது, புல்மோட்டையில் கனிம மண் ஏற்றிக்கொண்டு யப்பானுக்குப் புறப்பட இருந்த கப்பலொன்றுக்கு அவசரமாக இயந்திரம் திருத்துகிற ஒரு "பிற்றர்" தேவைப்பட்டது. அப்பாவைப் பிடித்து நிறுத்த ஒருவராலும் ஏலவில்லை. "மூண்டு மாதம்தான். பெப்புவை ஒருக்காப் பாத்திட்டு ஓடி வாறன்" என்றார். அம்மா, "நீங்கள் வருமட்டும் இந்த வீட்டில ஒருத்தரும் கன்னியாவில கால் வைக்கக் கூடாது" என்று மட்டும் சொன்னார். அப்பா சிரித்துக்கொண்டே படியிறங்கினார்.

தொடக்கத்தில் கடிதம் வந்தது. பிறகு நின்றுபோனது. யப்பான் கடலில் பெரும் புயல் என்று வானொலி சொன்னது. துறைமுகத்தடிக் கப்பல் கந்தோருக்கு அம்மா போகும்போதெல்லாம், "ஒண்டும் தெரியாது" என்ற பதிலோடு திரும்பினார். துறைமுகத்தில் கப்பல் ஊதினால் அம்மாவின் கை வேலையில் அப்படியே நிற்கும். அந்த ஊரில் கப்பல் ஊதாத நாள் ஏது?

மூன்று மாதம் ஆறாகி, ஆறும் கடந்து, மாரி பிடித்த ஒரு பின்னேரம் மாமா வந்தார். கதிரையில் சாயாமல் நுனியில் இருந்தார். "தங்கச்சி, எத்தினை நாளைக்கு? அவன்ர ஆன்மா அலையக் கூடாது. தர்ப்பையில உருச் செய்து கன்னியாவில அந்தியேட்டிக் கடனைக் கழிச்சுவிடுவம். ஐயரிட்டையும் கதைச்சுப்போட்டன்."

மாமா கெட்ட மனிதரல்ல. சொல்லும்போதே அவருக்குக் கண் கலங்கிவிட்டது. ஆனால் அம்மா ஓம் என்றால் கழுத்துத் தாலி இறங்கும், அன்றோடு அப்பா செத்தவராகிவிடுவார். நான் கதவுச் சீலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். குசினியிலிருந்து அகப்பையோடு வந்த அம்மா, "அண்ணை, அந்த மனிசன் கன்னியாவுக்குக் குளிக்கத்தான் போறவர். அவர் வந்து குளிப்பார். நீங்கள் எழும்புங்கோ" என்றார். மாமாவுக்கு எங்கள் வீட்டில் தேத்தண்ணி கொடுபடாத நாள் அது ஒன்றுதான்.

அதன்பின் மாமாவும் வரவில்லை. அம்மா அழவுமில்லை. காலையில் கண் விழித்ததும் நான் முதலில் பார்ப்பது அம்மாவின் கழுத்தைத்தான். தாலிக்கொடி தெரிந்தால்தான் பாயைச் சுருட்டுவேன். மாமா சொன்னதே சரியோ என்ற பயமும் எனக்குள் இருந்தது. அதை அம்மாவிடம் கேட்கத் தைரியம் இருக்கவில்லை.

தைப்பொங்கல் கழிந்து ஒரு காலை, கொழும்பு ரெயிலால் இறங்கி, ஊன்றுகோலோடு நொண்டிக்கொண்டு அப்பா வாசலில் நின்றார். இயந்திர அறையில் கால் நசுங்கி, பெப்பு ஆஸ்பத்திரியில் கிடந்திருக்கிறார். "எழுதினா நீ பயப்பிடுவாய் எண்டுதான் எழுதேல்லை. கப்பல்காரரையும் அறிவிக்க விடேல்லை" என்றார்.

அம்மா கார் பிடிப்பித்து, வாளியையும் எடுத்துக்கொண்டு எங்களைக் கன்னியாவுக்குக் கொண்டுபோனார். அப்பாவைக் கல்லில் இருத்திச் சூடு கூடிய கிணற்றில் அள்ளி அள்ளி, மூச்சுவிட இடங்கொடாமல் ஊற்றினார். ஒவ்வொரு வாளிக்கும், "பயப்பிடுவனோ? பயப்பிடுவனோ?" என்று கேட்டார். அப்பா குனிந்த தலை நிமிரவில்லை. திரும்பும் வழியில், "பெப்புவைப் பாத்தனீங்களோ அப்பா?" என்று மெல்லக் கேட்டேன். "ஆஸ்பத்திரி யன்னலால ஆவியைப் பாத்தனான்" என்றார்.

இப்போது கன்னியாவில் ரிக்கற் வாங்கிக் குளிக்கிறார்கள். எங்கள் ஆட்கள் அந்தியேட்டி செய்த மடம் இல்லை. மாமாவும் இல்லை, துறைமுகத்தடி வீடும் இல்லை. நாங்கள் குடிபெயர்ந்துபோன, பனி கொட்டும் ஒரு நாட்டில் அப்பா போன வருடம் காலமானார். செத்தவீட்டிலும் அம்மா அழவில்லை. முப்பத்தோராம் நாள் நெருங்க, "கன்னியாவுக்குப் போவமோ, அம்மா?" என்று கேட்டேன். "நான் வரேல்லை. நீ பெப்புவுக்குப் போ" என்றார்.

போனேன். றோட்டோரக் கானுக்குள்ளால் உண்மையாகவே ஆவி வந்தது. குளித்துவிட்டு ஈரத்தலையோடு அம்மாவுக்குத் தொலைபேசி எடுத்தேன்.

"தண்ணி சூடோ?" என்றார்.

"ஓம் அம்மா. கன்னியாவைவிடச் சூடு."

மறுமுனையில் அம்மா அழத் தொடங்கினார்.